90 வயசுப் பட்டா, 40 வயசுப் பட்டா? பழைய கிமோனோ வாங்கப் போகிறவர்களுக்கு

என் முதல் கிமோனோ மொத்தம் ஒரு மணி நேரம்தான் தாங்கியது. ஒரு பழம்பொருள் சந்தையில் 3,000 யென்னுக்கு வாங்கியது, மெய்சென் என்ற வகை, ஊதா நிறத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு ரோஜாக்கள், இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் நெய்த பட்டு. டோக்கியோவுக்கு வந்து இரண்டாவது வருஷம், தோழி ஒருத்தி தேநீர்ச் சடங்குக்குக் கூப்பிட்டாள் என்று வீடியோ பார்த்து நானே கட்டிக்கொண்டு போனேன். பாய் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தேனோ இல்லையோ, பின்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம். தையல் பிரிந்திருந்தால் பரவாயில்லை, ஊசி நூலோடு முடிந்திருக்கும். தையலை ஒட்டித் துணியே போயிருந்தது. பாட்டியின் கூறைப்புடவையை மடிப்பு மாற்றாமல் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் பல வருஷம் கழித்து விரித்தால் மடிப்பு மடிப்பாக விட்டுப்போகுமே, அதே கதை. அந்த உடையைத் தேநீர்ச் சடங்குக்கே கட்டக்கூடாது என்பது வேறு அப்புறம்தான் தெரிந்தது, தோழி மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாங்கியிருக்கிறேன், அதில் கட்டுவது நான்கு. ஜப்பானுக்கு வருகிற தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நல்ல பழசாக ஒன்று வாங்கவா, கொஞ்சம் புதுப் பழசு வாங்கவா, இல்லை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த இரண்டு பழசுக்கும் உள்ள வித்தியாசம். ஜப்பானியக் கடைகளில் ‘ஆன்டிக்’ என்று மாட்டியிருந்தால் பெரும்பாலும் மெய்ஜி, தாய்ஷோ, ஷோவா காலத்தின் முற்பகுதி, அதாவது இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று அர்த்தம். ‘ரீசைக்கிள்’ என்றால் போருக்குப் பிந்தையது, அதிலும் பெரும்பகுதி 1960-களுக்கு மேல் தைத்தது. இந்த இரண்டாவது ரகம் எப்படி இவ்வளவு மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவே இல்லை. நாடு செழித்த அந்தக் காலத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பெட்டி நிறையக் கிமோனோ கொடுத்து அனுப்புவது வழக்கம், நம் வீடுகளில் சீர்வரிசை மாதிரிதான். போன இடத்தில் அந்தப் பெண்கள் ஸ்கர்ட்டும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். இன்று அவர்களுக்கு வயதாகி வீடு காலியாகும்போது அந்தப் பெட்டியும் வெளியே வருகிறது, வாங்கிக் கட்டத்தான் ஆள் குறைவு. அதனால் புதிதாக எடுத்தால் சில லட்சம் யென் ஆகக்கூடிய சுத்தப் பட்டு சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது. கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெள்ளை நூலால் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டிருப்பதைப் பார்த்தால் அழுக்கு நூல் என்று நினைத்துவிடாதீர்கள். தைத்தவர் ஓரம் புரளாமல் இருக்கப் போட்டது, முதல் தடவை கட்டுவதற்கு முன்னால் பிரிப்பது. அது இன்னும் இருக்கிறது என்றால் அந்தக் கிமோனோ ஒருநாளும் உடுத்தப்படவில்லை.

எதை வாங்குவது என்பதை அழகு பார்த்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். டேப் முடிவு செய்யட்டும். புடவைக்கு அளவு கிடையாது, கொசுவத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றிவிடலாம் என்ற பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் மண்டையில் ஏறும். கிமோனோவில் நீளம் ஓரளவு கூடக்குறைய இருக்கலாம், ஏனென்றால் பெண்கள் இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துத்தான் கட்டுகிறார்கள், ஓஹஷோரி என்று பெயர். தோளிலிருந்து கீழ் ஓரம் வரை உள்ள அளவு உங்கள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இருந்தால் உத்தமம், 10 செ.மீ. குறைந்தாலும் இடுப்புக் கயிற்றைச் சற்று இறக்கிக் கட்டிச் சமாளிக்கலாம். அகலத்துக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. போட்டிருக்கும் உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, முதுகுத் தையல் நடுவில் இருக்க, இடப்பக்கத் துண்டை மேலாகச் சுற்றினால் அதன் ஓரம் வலப்பக்கத்து இடுப்பு வரை வர வேண்டும். வராவிட்டால் நடக்கும்போது திறந்துகொள்ளும். இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும், வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது இறந்தவருக்கு மட்டும்.

சரி, மாற்றவே முடியாத அளவு ஒன்று இருக்கிறது, யுகி. கழுத்தின் பின்பக்க எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை, கையைச் சற்றுச் சாய்வாக நீட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். என் உயரம் 164 செ.மீ., யுகி 67. போருக்கு முந்தைய கிமோனோக்களில் நான் பார்த்தவை எல்லாம் 60 முதல் 63 வரை. அந்தக் காலத்துப் பெண்கள் குள்ளம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் துணியிலேயே இருக்கிறது. கிமோனோத் துணி சுமார் 36 செ.மீ. அகலத்தில், சுமார் 12 மீட்டர் நீளச் சுருளாக நெய்யப்படுகிறது, பழையது இன்னும் ஒடுக்கம். முதுகு நடுவிலிருந்து மணிக்கட்டு வரை உடம்புக்கு ஓர் அகலம், கைக்கு ஓர் அகலம், அவ்வளவுதான். இரண்டையும் கூட்டித் தையலுக்கு விட்டது போக என்ன மிச்சமோ அதற்கு மேல் உலகத்தில் எந்தத் தையல்காரராலும் நீட்ட முடியாது. உள்ளே மடித்து வைத்த துணி இருந்தால் பிரித்து 2, 3 செ.மீ. எடுக்கலாம், ஆனால் மடிப்புக்குள் இருந்த பகுதி வெளுக்காமல் புது நிறத்தில் இருக்கும், தோளோரம் ஒரு கோடு தெரியும், கூலியும் கிமோனோ விலையைத் தாண்டிவிடும்.

ஆக நீங்கள் 155 செ.மீ.-க்குக் கீழே, கையும் குட்டை என்றால் அதிர்ஷ்டசாலி, இரண்டு ரகமும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. என்னைப் போல நெட்டை என்றால் ஆன்டிக் பக்கம் ஆசையாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆண்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் இடுப்பில் மடிப்பு வைத்துக் கட்டுவதில்லை, அதனால் நீளமும் சரியாக இருந்தே ஆக வேண்டும், பழைய ஆண் கிமோனோ இன்றைய ஆளுக்குக் கணுக்கால் தெரியத்தான் நிற்கும். ஆண்களுக்கு நான் சொல்வது ஹாவோரி, மேலே போடும் குட்டை அங்கி. வெளியே வெறும் கறுப்பாக இருக்கும், திருப்பினால் உள்துணியில் மலையும் புலியும் படகும் தீட்டியிருக்கும். பகட்டு வெளியே தெரியக்கூடாது என்ற எடோ காலத்து (மெய்ஜிக்கு முந்தைய காலம்) ரசனை. ஜீன்ஸ் மேல் போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆன்டிக் வாங்கலாமா என்றால், வாங்கலாம், எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்தால். மெய்சென்னுக்கு நிகரான வடிவங்கள் பிறகு வரவே இல்லை என்பது என் கட்சி. இசேசாகி, சிச்சிபு, அஷிகாகா பக்கத்து ஊர்களில் தாய்ஷோ காலத்திலும் ஷோவா தொடக்கத்திலும் நெய்த அன்றாடப் பட்டு அது. பாவு நூலைத் தற்காலிகமாக லேசாக நெய்து, அதன் மேல் அச்சுத்தகடு வைத்துச் சாயம் ஏற்றி, தற்காலிக ஊடையை உருவிவிட்டு மறுபடி நெய்வார்கள். அதனால்தான் பூவின் ஓரங்கள் கண்ணில் நீர் கோத்துப் பார்த்தது போலக் கொஞ்சம் கலைந்து தெரியும், இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். அன்றைக்குப் பள்ளிப் பெண்களும் ஓட்டல் பணிப்பெண்களும் கட்டிய மலிவுச் சரக்கு. மலிவு நூல், அதில் 90 வருஷம், அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

வாங்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பின்பக்க நடுத்தையலையும் இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியையும். தையல் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக விரிந்து வெளிச்சம் கசிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் அனுமதித்தால் இரண்டு கையால் பிடித்து மெல்ல இழுத்தும் பார்க்கலாம். உள்துணி சிவப்பாக இருந்தால் அது மோமி, போருக்கு முந்தையது என்பதற்கு நல்ல அடையாளம், பார்க்கவும் கொள்ளை அழகு. ஆனால் வியர்வை பட்டால் சாயம் விடும், என் வெள்ளை உள்ளாடை ஒன்று இளஞ்சிவப்பாகிப் போனது அப்படித்தான்.

கட்டும்போது இன்னொரு தொல்லை கை. கிமோனோவுக்குள் நாகஜுபான் என்ற உள்ளங்கி போட வேண்டும், அதன் கை மேலே உள்ளதன் கைக்குள் அச்சாக அடங்க வேண்டும். இன்று பொதுவாகக் கையின் தொங்கல் 49 செ.மீ., பழையதில் 60-ஐத் தாண்டுவதும் உண்டு, ஓரத்து வளைவும் வேறு. ரெடிமேட் ஜுபானை உள்ளே போட்டால் கைக்குள் சுருண்டு கிடக்கும், அக்குள் வழியாக எட்டிப் பார்க்கும். இளசுகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், ஜுபானை விட்டுவிட்டுக் கழுத்து வைத்த சட்டையோ லேஸ் வைத்த ரவிக்கையோ உள்ளே போட்டு, யுகி குறைந்ததையே ஸ்டைலாக்கிவிடுகிறார்கள். ஊர் சுற்ற அது அழகாகவே இருக்கிறது, சடங்குக்கு ஆகாது.

ரீசைக்கிளில் இந்தத் தலைவலி எல்லாம் கிடையாது, ஆனால் வேறு பள்ளம் இருக்கிறது: எதை எங்கே கட்டுவது. நமக்கு விலை உயர்ந்த பட்டு என்றால் கல்யாணத்துக்கு, அதைப் பற்றி யோசிக்கவே மாட்டோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. அமாமித் தீவில் மரச்சாற்றிலும் இரும்புச்சத்துள்ள சேற்றிலும் மாறி மாறி முக்கிச் சாயமேற்றி நெய்யும் ஓஷிமா த்சுமுகி புதிதாக எடுத்தால் லட்சக்கணக்கில் போகும். ஆனாலும் அது நூலில் சாயமேற்றி நெய்த துணி, பரம்பரையாகச் சாதாரண உடை, கல்யாணத்துக்குக் கட்டினால் கண்ணை உறுத்தும். வெள்ளையாக நெய்து பிறகு சாயமோ ஓவியமோ போட்ட மெத்தென்ற பட்டுதான் விசேஷத்துக்கு. அதிலும் தையலைத் தாண்டி ஒரே ஓவியமாக ஓடினால் ஹோமோங்கி, விருந்துக்கு நல்லது. ஒரே சிறு வடிவம் உடல் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் கோமோன், கடைகண்ணிக்கு, நண்பர்களோடு சாப்பிட. ஒரே நிறத்தில் வெறுமையாக இருந்தால் இரோமுஜி, தேநீர்ச் சடங்குக்கு அதைவிடப் பத்திரமானது கிடையாது, நான் அன்றைக்குக் கட்டிப் போயிருக்க வேண்டியதும் அதுதான்.

கறுப்பில் கவனம். சந்தையில் 1,000 யென்னுக்குப் பளபளவென்று கன்னங்கரேல் பட்டு, முதுகிலும் மார்பிலும் கையிலுமாக ஐந்து வெள்ளைக் குலச்சின்னம், வேறு ஒரு வேலைப்பாடும் இல்லை என்றால் அது மோஃபுகு, இழவு வீட்டு உடை. வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே கறுப்பு, அதே ஐந்து சின்னம், ஆனால் இடுப்புக்குக் கீழே மட்டும் நாரையும் பைன் மரமும் தங்க நிறத்தில் ஓடினால் அது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணின் அம்மாக்கள் கட்டுகிற தோமெசோதே. தொங்கும் நீளக் கை வைத்த ஃபுரிசோதே கல்யாணமாகாத பெண்களுக்கு, ஜனவரி இரண்டாவது திங்களன்று வயதுவந்தோர் நாளில் ஊரே அதில்தான் நிற்கும். இந்த மூன்றும் பழைய சந்தையில் மலிவு, காரணம் அவற்றைக் கட்ட வேறு நாள் கிடையாது. சுவரில் மாட்ட வாங்கலாம்.

எங்கே வாங்குவது? கியோட்டோவில் தோஜி கோயிலில் மாதாமாதம் 21-ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு கோயிலில் 25-ஆம் தேதியும் சந்தை கூடும். டோக்கியோவில் யூராகுச்சோ பக்கம் ஓயெடோ பழம்பொருள் சந்தை இருக்கிறது. சந்தையின் பலம், கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து வாங்கலாம். மூக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அந்துருண்டை வாசம் நிழலில் ஒரு வாரம் காயப்போட்டால் போய்விடும், பூஞ்சை வாசம் போகாது. இணைய ஏலத்தில் விலை இன்னும் குறைவு, எல்லா அளவும் எழுதியிருப்பார்கள், யுகி தெரிந்த ஆளுக்கு அது வசதி. ஆனால் நிறத்தையும் துணியின் வலுவையும் படத்தில் பார்க்க முடியாது. முதல் கிமோனோவுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, ஊரில் இருக்கும் பழைய கிமோனோக் கடை. விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், போகட்டும், போட்டுப் பார்க்க விடுவார்கள், எதை எங்கே கட்டலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். விவரச்சீட்டில் ஷோகென் என்றால் சுத்தப் பட்டு, ஜின்கென் என்றால் ரேயான். சந்தேகம் என்றால் உள்தையலிலிருந்து ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள், பட்டு முடி கருகும் வாசம் அடித்துப் பொடியாகும், ரேயான் காகிதம் போல எரியும், பாலியெஸ்டர் உருகி மணியாகும். வீட்டில் செய்யுங்கள், கடையில் வேண்டாம்.

அப்படி ஒரு கடையில் ஓபி, அதாவது கிமோனோ மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் பட்டை, தேடும்போதுதான் கோடு போட்ட ஒரு பருத்தித் துணியைக் காட்டி ‘சாந்தோமே’ என்றார் கடைக்கார அம்மா. மயிலாப்பூர்ச் சாந்தோமேதான், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கோட்டுத் துணிக்கு அந்தப் பெயர் அங்கே நின்றுவிட்டது. நான் சென்னைக்காரி என்று சொன்னதும் அந்த அம்மா விலையில் 500 யென் குறைத்தார், இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே பூர்வீகச் சலுகை.

ஓபி என்றதும் பட்ஜெட்டுக்கு வருவோம். ‘ஒரு கிமோனோவுக்கு மூன்று ஓபி’ என்பது இங்கே பழமொழி, ஓபியை மாற்றினால் உடையே மாறின மாதிரி இருக்கும் என்பதற்காக. கிமோனோ 4,000 யென்னுக்குக் கிடைத்ததே என்று குதிப்பவர்கள் மறப்பது மீதி எல்லாவற்றையும்: ஓபி, ஜுபான், இடுப்புக் கயிறுகள் மூன்று நான்கு, ஓபிக்கு முன்னால் வைக்கும் அட்டை, பின்னால் வைக்கும் குட்டித் தலையணை, அதை மூடும் துணி, மேலே கட்டும் நாடா, தாபி என்ற விரல் பிரிந்த காலுறை, ஸோரிச் செருப்பு. எல்லாம் பழசாக வாங்கினாலும் கிமோனோவின் விலையைப் போல மூன்று நான்கு மடங்கு வந்து நிற்கும். ஜுபானையும் தாபியையும் மட்டும் புதிதாக உங்கள் அளவுக்கு வாங்குங்கள், துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் ஜுபானே போதும், கழுத்துப் பட்டையை மட்டும் மாற்றி மாற்றித் தைத்துக்கொள்ளலாம். ஓபியில் முதலில் அரை அகல ஹன்ஹாபா, பத்து நிமிஷத்தில் கட்டப் பழகலாம். முதுகில் பெட்டி மாதிரி நிற்கும் தாய்கோ முடிச்சுக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது, இன்னமும் நேராக வருவது இரண்டில் ஒரு தடவைதான்.

வாடகை? இரண்டு நாள் கியோட்டோ வந்து கியோமிசு கோயில் படிக்கட்டில் படம் எடுக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் வாடகைக்கு எடுங்கள். சில ஆயிரம் யென்னில் கட்டியும் விடுவார்கள், பெரும்பாலும் பாலியெஸ்டர், மழையோ ஐஸ்கிரீமோ கவலை இல்லை. பட்டு அப்படி இல்லை, சிரிமென் என்ற நெளிவுப் பட்டு நனைந்தால் சுருங்கிவிடும், மழை வரும் போலிருந்தால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். புதுப் பாலியெஸ்டர் கிமோனோ வாங்குவது பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, துவைக்கலாம், வெயிலில் வேகும், ஓபி வழுக்கும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். உள்துணி வைத்தது அக்டோபர் முதல் மே வரை, வைக்காதது ஜூன், செப்டம்பர், வலை போன்ற ரோவும் ஷாவும் ஜூலை, ஆகஸ்ட். வெயில் ஏறிவிட்டதால் மே மாதமே உள்துணி இல்லாததற்குப் பலர் மாறிவிடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. பழைய சந்தையில் கிடப்பதில் பெரும்பகுதி உள்துணி வைத்தது, ஆகஸ்டில் வந்து அதை வாங்கி அன்றே கட்டுவேன் என்று நிற்காதீர்கள்.

கறை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உள்துணியில் இருக்கும் மஞ்சள் புள்ளிகள் வெளியே தெரியாவிட்டால் பேரம் பேசப் பயன்படுத்திக்கொண்டு வாங்கிவிடலாம். வெளிப்பட்டில் மஞ்சள் ஏறியிருந்தால் சலவைக்குப் போகும் என்று கடையில் சொன்னாலும் நம்பாதீர்கள். அராய்ஹாரி என்று முழுக்கப் பிரித்துத் துவைத்து விறைப்பாக இழுத்துக் காயவைத்து மறுபடி தைக்கும் முறை இருக்கிறது, பாட்டி கட்டியது, அம்மா கட்டியது என்றால் செய்யலாம், 4,000 யென் கிமோனோவுக்கு அதைவிடப் பல மடங்கு செலவழிப்பது வீம்பு. கற்பூரத்தையும் நாப்தலின் உருண்டையையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் உருகிக் கறையாகும்.

என்னைக் கேட்டால், முதலில் 1970, 80-களின் கோமோன் ஒன்று, யுகி உங்கள் அளவுக்கு 2 செ.மீ.-க்கு மேல் குறையாமல், ஓட்டுத்தையல் நூலோடு கிடைத்தால் இன்னும் நல்லது. விருந்து, தேநீர் என்று போகிற ஆள் என்றால் அடுத்தது இரோமுஜி. ஆன்டிக் மூன்றாவதாக வரட்டும், அதுவும் நின்றுகொண்டே இருக்கப் போகிற நாளுக்கு.

கிழிந்த என் மெய்சென்னைப் பிரித்துப் போட்டேன். கிமோனோவை வளைத்து வெட்டுவதே இல்லை என்பதால் எட்டு நேர்த்துண்டுகளாக வந்தது, கை இரண்டும் ஒரு சேதமும் இல்லாமல். ஒன்று தலையணை உறையாகிவிட்டது. இன்னொன்று ஹாவோரிக்கு உள்துணியாகப் போதுமா என்று அளந்து பார்த்தேன், போதவில்லை, அலமாரியில் இருக்கிறது.